வெட்டும் சொல்லும் அடிக்கும் சொல்லும்: ‘காஸ்ட்ரேட்’ என்னும் சொல்லின் பொருளும் தோற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் ‘காஸ்ட்ரேட்’ என வழங்கும் சொல் இலத்தீன் ‘காஸ்ட்ராரே’ என்னும் வினையிலிருந்து வந்தது. அவ்வினையின் அடிப்படைப் பொருள் வெட்டுதல். இதே செயலைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களான காயடித்தல், விதையடித்தல் ஆகியவை நசுக்குதலைப் பொருளாகக் கொண்டவை. இவ்விரு சொல்மரபுகளும் இருவேறு செயல்முறைகளின் பதிவுகள் என்பதையும், இவ்வேறுபாடு உரோமச் சட்டத்தில் உயிர்த்தண்டனை தொடர்பான சிக்கலாக எழுந்தது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. இன்றைய தமிழில் பெருவழக்காகியுள்ள ‘ஆண்மை நீக்கம்’ என்னும் மொழிபெயர்ப்பு அவ்வேறுபாட்டை மறைப்பதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: சொற்பிறப்பியல், காஸ்ட்ராரே, காயடித்தல், விதையடித்தல், அண்ணகன், உரோமச் சட்டம், மொழிபெயர்ப்பு

முன்னுரை

சொற்பிறப்பியல் ஒரு சொல்லின் வேரைக் காட்டுவதோடு நிற்பதில்லை. அச்சொல் பிறந்த காலத்து மக்கள் ஒரு செயலை எவ்வாறு செய்தனர், யாருடைய கண்கொண்டு அதைப் பார்த்தனர் என்பவற்றையும் அது வெளிக்கொணரும். ஆண் உயிரின் இனப்பெருக்க ஆற்றலை அழித்தல் பழங்காலந்தொட்டு நிகழ்ந்துவரும் செயல். உழவுக்கு எருதும், இறைச்சிக்குக் கிடாயும், அரண்மனைக்கு ஏவலரும், தேவாலயத்துக்குப் பாடகரும் இதனால் ‘ஆக்கப்பட்டனர்’. இச்செயலுக்கு மொழிகள் இட்ட பெயர்கள் ஒரே பொருளைத் தருவன அல்ல. சில பெயர்கள் கருவியைச் சுட்டுகின்றன. சில உறுப்பைச் சுட்டுகின்றன. சில உடலைப் பற்றிப் பேசாமல் பதவியைச் சுட்டுகின்றன.

வெட்டுதல், நசுக்குதல் ஆகிய இரு முறைகளையும் உள்ளடக்கும் பொதுச்சொல்லாக இக்கட்டுரையில் ‘விதையழிப்பு’ என்பது ஆளப்படுகிறது. ‘நீக்கம்’ என்பது நசுக்கும் முறைக்குப் பொருந்தாது என்பதால் அது தவிர்க்கப்பட்டுள்ளது.

1. வேர்ச்சொல்லும் உறவுச் சொற்களும்

இலத்தீன் ‘காஸ்ட்ராரே’ என்னும் வினை, வெட்டுதல் என்னும் பொருளுடைய ‘கெஸ்’ என்ற இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து பிறந்ததாக மொழியியலார் கொள்வர். வெட்டும் கருவியைக் குறித்த பெயர் ஒன்றிலிருந்து இவ்வினை ஆக்கப்பட்டிருக்கலாம் என்பது அவர்களின் விளக்கம். அவ்வாறாயின், கத்தியால் செய்தல் என்பதே இச்சொல்லின் முதற்பொருளாகும்.

இவ்வேரின் வடமொழி வடிவம் தமிழறிந்தோர்க்குப் புதியதன்று. வெட்டுதலைக் குறிக்கும் ‘சஸ்’ என்னும் வினையடியும், அதிலிருந்து பிறந்து கத்தியையும் படைக்கலத்தையும் குறிக்கும் ‘சஸ்த்ர’ என்னும் பெயரும் இவ்வேரைச் சார்ந்தவை. ‘சஸ்த்ர’ தமிழில் சத்திரம் என வழங்குகிறது. அறுவை மருத்துவத்தை ஈழத்துத் தமிழர் ‘சத்திரசிகிச்சை’ என்பர். அச்சொல்லின் முற்பகுதியும் ‘காஸ்ட்ரேட்’ என்பதன் முற்பகுதியும் ஒரே வேரின் கிளைகள் என்பது வியப்பளிக்கும் உண்மை. வழிப்போக்கர் தங்கும் சத்திரமும் நூலைக் குறிக்கும் சாத்திரமும் வேறு வேர்களைக் கொண்டவை; ஒலி ஒப்புமை கொண்டு அவற்றை இதனோடு இணைத்தல் பிழையாகும்.

பாசறையைக் குறிக்கும் ‘காஸ்ட்ரூம்’ என்பதையும் இவ்வேரோடு இணைப்பர். நிலத்திலிருந்து வெட்டிப் பிரிக்கப்பட்ட இடம் என்பது அதன் விளக்கம். கோட்டையைக் குறிக்கும் ஆங்கிலக் ‘காசில்’ என்னும் சொல்லும், மான்செஸ்டர், லங்காஸ்டர் முதலிய ஊர்ப்பெயர்களின் ஈறுகளும் அப்பாசறைச் சொல்லின் வழிவந்தவை. தூய்மையைக் குறிக்கும் ‘காஸ்டுஸ்’ என்னும் சொல்லில் கருத்து வேறுபாடு உண்டு. குற்றத்திலிருந்து பிரிக்கப்பட்டது எனக் கொண்டு இவ்வேரோடு அதை இணைப்போரும், கற்பிக்கப்பட்டது என்னும் பொருளுடைய வேறு வேரிலிருந்து கொள்வோரும் உளர். சாதியைக் குறிக்க ஐரோப்பியர் ஆண்ட ‘காஸ்டா’ என்னும் போர்ச்சுகீசியச் சொல்லைக் ‘காஸ்டுஸ்’ என்பதன் வழியே விளக்குவது மரபு. கொரோமினாஸ் அதை ஏற்காது கோத்திய மொழி மூலம் ஒன்றை முன்வைத்தார். எனவே ‘காஸ்ட்’, ‘காஸ்ட்ரேட்’ ஆகிய இரண்டையும் உறுதியான உடன்பிறப்புகளாக எழுதுவதற்குச் சான்று போதாது.

போலிச் சொற்பிறப்புக்கும் இச்சொல் இடமளித்துள்ளது. நீரெலி எனத்தக்க ‘பீவர்’ என்னும் விலங்கின் பெயர் ‘காஸ்டோர்’. வேட்டைக்காரர் தேடும் நறுமருந்து தன் விதைகளில் இருப்பதை அறிந்து, அவ்விலங்கு தானே அவற்றைக் கடித்தெறிந்து உயிர்தப்பும் என்பது பழங்கதை. 7ஆம் நூற்றாண்டில் செவில் நகர ஆயர் இசிதோர், ‘காஸ்ட்ராரே’ என்னும் வினையிலிருந்தே அவ்விலங்கின் பெயர் வந்தது எனத் தம் சொற்பிறப்பு நூலில் எழுதினார். உண்மையில் அப்பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது. அம்மருந்துப்பொருளும் விதைகளில் சுரப்பதன்று. ஆண், பெண் இரண்டிலும் உள்ள தனிப்பைகளில் சேர்வது. கதையின் பொய்மையைச் சுட்டிய மருத்துவர் கருத்தொன்றை 1ஆம் நூற்றாண்டிலேயே பிளினி பதிவுசெய்திருந்தும், கதை அழியவில்லை.

2. இலத்தீன் வழக்கில் பொருட்பரப்பு

பழைய இலத்தீன் வழக்கில் இச்சொல் வேளாண்மைச் சொல்லாகவே முதலில் எதிர்ப்படுகிறது. பிளாட்டஸ் இயற்றிய ‘மெர்காட்டோர்’ என்னும் நாடகத்தில், பண்ணையில் தொல்லை தரும் கிடாயை விதையழிக்க வேண்டும் என ஒருவன் கூறுகிறான். முதுமையில் காதல் வயப்பட்ட மற்றொருவன் அதைத் தனக்கான தீக்குறியாகக் கேட்டு அஞ்சுகிறான். விலங்கிலிருந்து மனிதனுக்கு இச்சொல் தாவும் இடத்தை அந்நகைச்சுவை காட்டிவிடுகிறது.

உழவு நூலார் வழக்கில் இதன் பரப்பு மேலும் விரிகிறது. தேன்கூட்டிலிருந்து அடையை அறுத்தெடுத்தலைக் கொலுமெல்லா இவ்வினையாலேயே குறிப்பிடுகிறார். சலித்துத் தவிடு நீக்கிய மாவுக்கும் வடிகட்டிய மதுவுக்கும் பிளினி இதை ஆள்கிறார். கவிஞர் மார்ஷல், தம் நூல்களிலுள்ள கொச்சைப் பகுதிகளை வெட்டுமாறு கோருவோரை மறுக்கும்போது இவ்வினையையே பயன்படுத்துகிறார். நூலைத் தணிக்கை செய்தல் என்னும் இப்பொருள் ஆங்கிலத்திலும் தொடர்ந்தது. ஹாலின்ஷெட் வரலாற்றுத் தொகுப்பின் 1587ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அகற்றப்பட்ட பக்கங்கள் 18ஆம் நூற்றாண்டில் மறுபதிப்புப் பெற்றபோது, அப்பக்கங்களே ‘காஸ்ட்ரேஷன்ஸ்’ எனப் பெயர்பெற்றன.

தேனடை, மாவு, மது, நூல் ஆகிய இவ்வெடுத்துக்காட்டுகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. உடையவன் தன் பயனுக்காகத் தன் பொருளிலிருந்து ஒன்றைக் களைகிறான். இழக்கும் பொருளின் தரப்பு அங்கே எழுவதில்லை. அடிமையும் உடைமையாகக் கருதப்பட்ட சமூகத்தில், மனித உடலுக்கும் அதே வினை ஆளப்பட்டதில் அம்மொழிக்கு இடர்ப்பாடு தோன்றவில்லை.

3. சட்டத்தின்முன் சொல்

இடர்ப்பாடு சட்டத்தில் தோன்றியது. பேரரசர் தொமீசியன் (81–96) ஆண்களை விதையழிப்பதைத் தடைசெய்தார். அடிமை வணிகரிடம் எஞ்சியிருந்த விதையழிக்கப்பட்டோரின் விலையையும் அவர் குறைத்தார் எனச் சுவெட்டோனியஸ் குறிப்பிடுகிறார். அடிமையை இதற்காக ஒப்படைப்பவனின் சொத்தில் பாதி பறிக்கப்படும் என மேலவைத் தீர்மானம் ஒன்று விதித்தது. ஹாட்ரியன் (117–138) தண்டனையைக் கடுமையாக்கினார். அடிமையாயினும் உரிமையுடையோனாயினும், உடன்பட்டோனாயினும் உடன்படாதோனாயினும், எவரையும் விதையழித்தல் உயிர்த்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கத்தி பிடித்த மருத்துவனும், தானே முன்வந்து உடலை ஒப்படைத்தவனும் அத்தண்டனைக்கு உட்பட்டனர்.

533ஆம் ஆண்டில் வெளியான ‘டைஜஸ்ட்’ என்னும் சட்டத் தொகுப்பின் 48ஆம் நூல் இவ்விதிகளைத் தருகிறது. அவற்றை அடுத்துச் சட்ட அறிஞர் பவுலுஸின் குறிப்பொன்று உள்ளது. நசுக்கி விதையழிப்போரும், ஹாட்ரியனின் ஆணைப்படி, வெட்டி விதையழிப்போரின் நிலையிலேயே வைக்கப்படுவர் என்பது அதன் கருத்து. இக்குறிப்பு ஏன் தேவைப்பட்டது என்பது எண்ணத்தக்கது. ‘காஸ்ட்ராரே’ என்பது வெட்டுதலை மட்டும் குறித்தது எனக் கொண்டால், கத்தியைத் தொடாமல் நசுக்கியவன் சட்டத்தின் சொல்லுக்கு வெளியே நிற்கிறான். தனி ஆணை ஒன்று அவ்விடைவெளியை அடைக்க வேண்டியிருந்தது. ஒரு வினைச்சொல்லின் பொருளெல்லை இங்கு ஒருவனின் உயிரையும் மற்றொருவனின் உடலையும் தொடும் வினாவாகிறது.

நசுக்கப்பட்டோரைக் குறிக்க உரோமச் சட்டம் கிரேக்கச் சொற்களைக் கடன்பெற்றது. அழுத்தப்பட்டவன் ‘த்லிபியாஸ்’, நொறுக்கப்பட்டவன் ‘த்லாசியாஸ்’. இவர்களையும் பிறவியிலேயே அந்நிலை வாய்த்தோரையும் உள்ளடக்கிய பொதுப்பெயர் ‘ஸ்பாடோ’ என உல்பியன் வரையறுக்கிறார். இவ்வகைப்பாட்டுக்கு நடைமுறை விளைவு இருந்தது. ‘ஸ்பாடோ’ ஒருவனை ஒரு பெண் மணந்தால், அவன் வெட்டப்பட்டவனா அல்லனா எனப் பார்க்க வேண்டும் என்பார் உல்பியன். வெட்டப்படாதவனாயின் அது திருமணம். மணக்கொடைக்கும் வழக்குரிமை உண்டு. வெட்டப்பட்டவனாயின் இரண்டும் இல்லை.

மருத்துவ நூல்களும் இரு முறைகளைப் பிரித்தே கூறுகின்றன. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஏகினா நகரத்துப் பவுல், குழந்தையை வெந்நீரில் அமர்த்தி விதைகளை நசுக்கும் முறையையும், கத்தியால் அகற்றும் முறையையும் தனித்தனியே விளக்குகிறார். உடலை இயல்புநிலைக்கு மீட்பதே மருத்துவத்தின் நோக்கம். இது அதற்கு மாறானது. எனினும் அதிகாரமுடையோரின் கட்டாயத்தால் விருப்பமின்றிச் செய்ய நேர்கிறது என்னும் கருத்தோடு அவர் அப்பகுதியைத் தொடங்குகிறார். சட்டம் தடைசெய்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் தொழில் நடந்ததற்கு இம்மருத்துவரின் மனக்குறையே சான்று. 558இல் யுஸ்தினியன் பிறப்பித்த ஆணை அதன் விலையைக் கூறுகிறது: தொண்ணூறு பேரில் மூவர்கூடப் பிழைப்பது அரிது என அவருக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது.

4. செயப்பாட்டில் மறைந்த கை

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லான ‘காஸ்ட்ரேஷன்’ 15ஆம் நூற்றாண்டிலும், வினையான ‘காஸ்ட்ரேட்’ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பதிவாகின்றன. பண்ணையில் வழங்கிய ‘கெல்டு’ என்பது அதற்கு முன்பே பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்து நிலைபெற்றிருந்தது. உழவர் ஒரு சொல்லையும் மருத்துவரும் சட்டத்தாரும் மற்றொரு சொல்லையும் ஆண்டனர்.

இத்தாலியில் இவ்வினையின் இறந்தகாலப் பெயரெச்ச வடிவம் ஒரு பாடகர் வகுப்பின் பெயராயிற்று. ‘காஸ்ட்ராட்டோ’ என்பதன் நேர்ப்பொருள் வெட்டப்பட்டவன். சிறுவயதிலேயே விதையழிக்கப்பட்டு, குரல் உடையாமல் வளர்ந்த இப்பாடகர்கள் தேவாலயங்களிலும் இசைநாடக அரங்குகளிலும் புகழ்பெற்றனர். ஃபரினெல்லி (1705–1782) அவர்களுள் தலைசிறந்தவர். அவர்களைப் பணிவாகக் குறிக்க ‘இசைவாணன்’ எனப் பொருள்படும் ‘மூசிக்கோ’ என்னும் சொல்லும் வழங்கியது. இவ்வடிவம் யார் வெட்டியது என்பதைச் சொல்வதில்லை. சமூகமும் சொல்லவில்லை. ஆங்கில இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி 1770இல் இத்தாலியில் பயணம்செய்து, இவ்வறுவை எங்கு நடைபெறுகிறது என வினவினார். மிலானில் வெனிஸ் என்றனர். வெனிசில் பொலோனியா என்றனர். அங்கு ஃபிளாரன்ஸ் என்றனர். பின் உரோம், பின் நேப்பிள்ஸ். குரலை ஊர்தோறும் கொண்டாடினர். செயலை எந்த ஊரும் ஏற்கவில்லை. இம்மரபின் இறுதிச் சான்றாக எஞ்சியிருப்பது சிஸ்டைன் சிற்றாலயப் பாடகர் அலெசாண்ட்ரோ மொரெஸ்கியின் (1858–1922) குரல். அது 1902, 1904 ஆகிய ஆண்டுகளில் ஒலிப்பதிவு செய்யப்பட்டது.

5. தமிழ்ச் சொற்களும் விவிலிய மொழிபெயர்ப்பும்

தமிழில் வழங்கும் காயடித்தல், விதையடித்தல், விரையடித்தல் ஆகியவற்றில் ‘அடி’ என்னும் வினையே பொதுவாக நிற்கிறது. காய், விதை, விரை என்பன உறுப்பின் பெயர்கள். யாழ்ப்பாண வழக்கிலுள்ள ‘நலமடித்தல்’ என்பதிலும் அவ்வினையே உண்டு. இங்குக் கத்தி இல்லை. தோலை அறுக்காமல் விதையையோ விதைநாளத்தையோ நசுக்கும் நாட்டுமுறையை இச்சொற்கள் அப்படியே பதிந்துள்ளன. 20ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து பரவி, நம் கால்நடை மருந்தகங்களில் நிலைபெற்ற ‘பர்டிசோ’ என்னும் இடுக்கியும் தோலை அறுக்காமல் நாளத்தை நசுக்குவதே. ஆங்கிலத்தில் அதைக் ‘காஸ்ட்ரேட்டர்’ என்பது சொல்லின் வேரோடு பொருந்தாது. தமிழில் அதனால் காயடித்தல் என்பது முழுதும் பொருந்தும்.

அடித்தல் வழிப் பெயரிடல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இருக்கு வேதத்தில் விதையழிக்கப்பட்ட காளையைக் குறிக்கும் ‘வத்ரி’ என்னும் சொல், அடித்தல் பொருளுடைய ‘வத்’ என்னும் வினையடியோடு தொடர்புடையது. மூன்றாவது வகையும் இந்தியாவில் உண்டு. முடிசூடி 26 ஆண்டுகளுக்குப் பின் அசோகர் பொறித்த ஐந்தாம் தூண் கல்வெட்டு, குறிப்பிட்ட திதிகளிலும் நாள்களிலும் காளை, கிடாய், பன்றி முதலியவற்றை விதையழிப்பதைத் தடைசெய்கிறது. அங்கு ஆளப்பட்ட பிராகிருத வினையை, குறியை நீக்குதல் என்னும் பொருளுடையதாக அறிஞர் விளக்குவர். சமண இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களுள் ஒன்றான ‘நிர்லாஞ்சனம்’ என்பதும் அடையாளம் நீக்குதல் என்னும் பொருளினதே. பாலுறுப்பைக் ‘குறி’ என வழங்கும் தமிழர்க்கு அப்பெயரீட்டின் முறை எளிதில் விளங்கும்.

வெட்டும் சொல்லும் அடிக்கும் சொல்லும் ஒருசேர எதிர்ப்படும் இடம் விவிலியம். உபாகமம் 23:1, சபைக்கு உட்படலாகாதோர் இருவரைக் குறிப்பிடுகிறது. கிரேக்க மொழிபெயர்ப்பு முதலாமவரை நொறுக்கப்பட்டவன் எனவும் இரண்டாமவரை அறுக்கப்பட்டவன் எனவும் பிரிக்கிறது. பரவலாக வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, முதலாமவரை ‘விதையடிக்கப்பட்டவன்’ எனவும் இரண்டாமவரைக் ‘கோசமறுக்கப்பட்டவன்’ எனவும் கூறுகிறது. உரோமச் சட்டம் கிரேக்கத்திடம் கடன்பெற்று உணர்த்திய வேறுபாட்டை, உழவர் வழக்கிலிருந்த ஒரு சொல்லால் தமிழ் எளிதில் உணர்த்திவிட்டது.

கிரேக்க ‘எவுனூகோஸ்’ என்னும் சொல்லிலோ மொழிபெயர்ப்பாளர் வேறு சிக்கலை எதிர்கொண்டனர். படுக்கையைக் காப்பவன் என்பது அதன் நேர்ப்பொருள். அது பதவிப்பெயராகத் தோன்றி உடல்நிலைப் பெயராக மாறியது. மத்தேயு 19:12இல் உடல்நிலை பேசப்படுவதால் தமிழில் ‘அண்ணகர்’ என்றனர். அப்போஸ்தலர் பணிகள் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அரசியின் அலுவலரைக் குறிக்கும் அதே சொல்லுக்கு ‘மந்திரி’ என்றனர். தானியேல் நூலின் முதல் அதிகாரத்தில், அதற்கு இணையான எபிரேயச் சொல்லுக்குப் ‘பிரதானி’ என்றனர். மூலத்தில் ஒன்றாயிருந்த ஈருணர்வு தமிழில் இரு சொற்களாகப் பிரிந்தது. எத்தியோப்பியர் விதையழிக்கப்பட்டவராயின், உபாகம விதியால் விலக்கப்பட்ட ஒருவர் திருமுழுக்குப் பெற்றார் என்பது அந்நிகழ்வின் உட்பொருள். ‘மந்திரி’ எனப் படிக்கும் தமிழ் வாசகர்க்கு அது புலப்படுவதில்லை.

6. இன்றைய வழக்கு

இக்காலத்தில் ‘காஸ்ட்ரேஷன்’ என்பது மீண்டும் ஒருமுறை விரிந்துள்ளது. ஹார்மோனைக் கட்டுப்படுத்தும் மருந்தைக் கொடுப்பதும் அச்சொல்லால் குறிக்கப்படுகிறது. இம்முறையில் வெட்டுதலும் நசுக்குதலும் இல்லை; மருந்தை நிறுத்தினால் விளைவும் பெரும்பாலும் மாறக்கூடியது. 2013 சனவரியில் நீதிபதி வர்மா குழு, பாலியல் குற்றங்களுக்கு இதைத் தண்டனையாகப் பரிந்துரைக்க மறுத்தது. 2015 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குழந்தைகள்மீது பாலியல் வன்கொடுமை புரிவோர்க்கு விதையழிப்பைத் தண்டனையாகக் கருதுமாறு நடுவண் அரசுக்குப் பரிந்துரைத்தது. இரு நிகழ்வுகளையும் ஒட்டித் தமிழ் நாளிதழ்களில் பெருவழக்காயிருந்த சொல் ‘ஆண்மை நீக்கம்’.

இச்சொல்லில் இரு குறைகள் உள்ளன. முதலாவது, செயல்முறை மறைகிறது. அறுவையா, நசுக்கலா, மருந்தா என்பது சட்டத்திலும் மருத்துவத்திலும் முதன்மையான வினா. ஹாட்ரியன் ஆணையின் வரலாறு அதற்கு எடுத்துக்காட்டு. இரண்டாவது, ஆண்மை என்பது தமிழில் வீரம், ஆளுமை, தகுதி ஆகியவற்றையும் குறிக்கும் மதிப்புச்சொல். விதை இழந்தவன் அவற்றையும் இழந்தான் என்னும் தீர்ப்பை அப்பெயர் தன்னுள் கொண்டுள்ளது. காயடித்தல் என்னும் உழவர் சொல்லில் அத்தகைய தீர்ப்பு இல்லை.

இத்தீர்ப்பை மறுக்கும் சொல்லும் தமிழில் வழங்குகிறது. திருநங்கையர் தாமே விரும்பி மேற்கொள்ளும் உறுப்பகற்றலை ‘நிர்வாணம்’ என்பர். அ. ரேவதியின் ‘வெள்ளை மொழி’ முதலிய தன்வரலாற்று எழுத்துகள் அச்சொல்லைப் பொதுவாசகர்க்கும் அறிமுகப்படுத்தின. விடுதலையைக் குறிக்கும் சமயச் சொல் இங்குப் புதுப்பிறப்பைக் குறிக்கிறது. இதுவரை கண்ட பெயர்களுள் உடையவனும் சட்டத்தாரும் மருத்துவரும் இட்டவை பல. இது ஒன்றே அவ்வுடலுக்குரியவர் இட்ட பெயர். இதை ‘ஆண்மை நீக்கம்’ என மொழிபெயர்த்தால் பேறாகக் கருதப்பட்டது இழப்பாக மாறிவிடும்.

முடிவுரை

‘காஸ்ட்ரேட்’ என்பது கத்தியிலிருந்து பிறந்த சொல். பண்ணை, மாவு, மது, நூல், மனித உடல் எனப் பரவி, நசுக்கலையும் மருந்தையும் பின்னர் உள்வாங்கியது. காயடித்தல் என்பது நசுக்கலிலிருந்து பிறந்து அப்பொருளிலேயே நிலைத்தது. இரண்டையும் நேர்நிகராகக் கொள்ளும் அகராதிப் பதிவுகள் இவ்வரலாற்றைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

மொழிபெயர்ப்பிலும் கலைச்சொல்லாக்கத்திலும் இக்கட்டுரை முன்வைப்பது எளிய நெறி. அறுவை முறைக்கு விதையகற்றல் எனவும், நசுக்கும் முறைக்குக் காயடித்தல் அல்லது விதையடித்தல் எனவும், மருந்து முறைக்கு ஹார்மோன் ஒடுக்கம் எனவும், இவையனைத்திற்கும் பொதுவாக விதையழிப்பு எனவும் பிரித்து வழங்கலாம். திருநங்கையர் தொடர்பான எழுத்துகளில் அவர்கள் இட்ட பெயரையே ஆளலாம். ஒருவரின் உடலில் என்ன செய்யப்பட்டது, யார் செய்தார், அவர் உடன்பட்டாரா என்னும் வினாக்களுக்குச் சட்டமும் மருத்துவமும் விடைகூற வேண்டியுள்ளது. அவ்வினாக்களை எழுப்ப இடம்தரும் சொற்களைத் தெரிந்தெடுப்பது மொழியாய்வாளரின் பொறுப்பாகும்.